இடது மேலறையில் ஒரு குடை

இதயத்தின் இடது மேலறையில் காதுமடல் போல ஒரு சிறு பை உண்டு. துடிப்பு தாறுமாறானால் அங்கே ரத்தம் தேங்கிக் கட்டியாகும். கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். அதனால் ஞானதுரை ரத்தம் உறையாமலிருக்க நாலு வருடமாக மாத்திரை சாப்பிட்டார். அவள் திருப்பித் தாக்கினால் தன் மேல் விழும் சின்னக் கீறலும் நிற்காமல் ஒழுகும் என்ற பயத்தில், மனைவி ஸ்டெல்லாவை அடிப்பதையும் விட்டிருந்தார்.

இப்போது இதய சிகிச்சைக்கும் தெருமுனையில் கடை வந்துவிட்டது; அங்கே, டீ குடிக்கும் நேரத்தில், அந்தப் பையின் வாயைக் குட்டிக் குடையால் அடைத்துவிட்டார்கள். இனி மாத்திரை வேண்டாம், ஒரு வாரத்தில் ரத்தம் பழையபடி உறையும் என்றார்கள். அவர் அந்த ஒரு வாரமும் பொறுத்தார்.

பிறகு குழம்பில் உப்பில்லை என்று தட்டை எறிந்து, ஸ்டெல்லாவின் வாயில் குத்தினார். "ஏட்டி, நாலு வருசமா ரொம்பத்தான் வாயடிச்ச."

அவள் அந்தக் கையை ஆழமாகக் கடித்தாள். அவர் சிரித்தார். "நல்லா கடி. இப்பல்லாம் தானா நின்னுரும்."

ஸ்டெல்லாவின் உதட்டில் ரத்தம் சீக்கிரமே உறைந்துவிட்டது. அவர் கையில் சுற்றிய துண்டு முழுக்க நனைந்து சொட்டியது.

"ஏன் நிக்க மாட்டேங்குது?"

ஸ்டெல்லா அரிவாள்மனையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"மாத்திரைய நீங்கதான நிறுத்தினிய. நான் தினமும் உங்க குழம்புல மட்டும் போட்டுட்டுத்தான் இருக்கேன்."