நசுங்கிய வண்டிக்காரர்

கப்பல் மாதிரி ஒரு கறுப்புக் கார் எங்கள் ஆபீஸ் வாசலில் வந்து நின்றது. நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

அதிலிருந்து இறங்கி வந்த கணவனும் மனைவியும் மேலே மூன்றாவது மாடியில் விற்பனைக்கு இருக்கும் வீட்டைப் பார்க்க வேண்டும் என்றார்கள்.

"இன்னிக்கு முடியாதுங்க. அடுத்த வாரம் போன் பண்ணிட்டு வாங்க."

"பத்து நிமிஷம் போதுங்க. சாயங்காலம் ஊருக்குக் கிளம்பணும்" என்றாள் அந்தப் பெண்.

"சாவி இல்லைங்களே" என்று கையை விரித்தேன். சாவி என் சட்டைப் பையில்தான் இருந்தது.

வீடு விற்றுக் கொடுக்கும் புரோக்கர் செய்கிற வேலையா இது என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு ஒரு ஞானம் உண்டு. பளபளக்கும் காரில் வருகிறவனின் பணமெல்லாம் அந்தக் காரிலேயே இருக்கும்; தவணை கட்டவே அவனுக்கு நாக்குத் தள்ளும். நிஜமான பணக்காரன் நசுங்கிய வண்டியில்தான் வருவான். போன மாதம் இதே மாதிரி ஒரு கப்பல் பார்ட்டி என்னை மாடிப்படி ஏற வைத்தே இளைக்க வைத்துவிட்டு, கடைசியில் லோன் கிடைக்கவில்லை என்று கம்பி நீட்டியதே, அன்றைக்கு உதித்த ஞானம் இது.

அப்படி ஒரு நசுங்கிய வண்டி அப்போதுதான் ஜன்னல் வழியாக என் கண்ணில் பட்டிருந்தது. கதவில் பள்ளம், பக்கவாட்டுக் கண்ணாடிக்கு டேப் ஒட்டு. கட்டடத்தின் பின்சந்துக்குள் திரும்பிக்கொண்டிருந்தது. அதை விடலாமா? மாதக் கடைசி நாள் வேறு. "இன்னிக்குள்ள அந்த வீடு முடியலைன்னா நீ வேற இடம் பாத்துக்கப்பா" என்று காலையில்தான் முதலாளி சொல்லியிருந்தார்.

கறுப்புக் கார் கிளம்பியது. சற்று நேரத்தில் நசுங்கிய வண்டிக்காரர் உள்ளே வந்தார். வெளுத்த சட்டை, நைந்த காலர், அக்குளில் ஒரு ஜிப் பை. அசல் கோடீஸ்வரன்!

"வணக்கம் சார். நான் வந்தது..."

"பேச்செல்லாம் அப்புறம் சார். முதல்ல வீட்டைப் பாருங்க!" கையைப் பிடிக்காத குறையாக மேலே அழைத்துப் போனேன்.

படியேறும்போது அவர் கேட்டார். "பின்னாடி நிக்கிற நீல வண்டி உங்களுதுன்னு வாட்ச்மேன் சொன்னாரே?"

எனக்கு முகம் சுருங்கிப் போனது. பார்ட்டி கண்ணில் படக் கூடாதென்றுதான் அதைப் பின்சந்தில் ஒளித்து வைக்கிறேன். பம்பரை என் மச்சான் கம்பியால் கட்டிக் கொடுத்திருக்கிறான். ஓட்டுநர் பக்கக் கதவு திறக்காது; நான் அடுத்த பக்கம் ஏறித் தவழ்ந்துதான் இருக்கைக்கு வர வேண்டும். சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் என் மனைவி தெருமுனையிலேயே இறங்கி, யாரோ மாதிரி நடந்து வருவாள். என் ஞானமெல்லாம் அடுத்தவர் வண்டிக்குத்தான்.

"ஆமா சார். கொஞ்சம் பழசு..." என்று இழுத்தேன்.

"எத்தனை வருஷமா வச்சிருக்கீங்க?"

"பதினேழு."

"அடேயப்பா!" நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். பார்வையில் அப்படி ஒரு மரியாதை. பெரிய மனிதர் என்றால் இவரல்லவா பெரிய மனிதர் என்று நெகிழ்ந்து போனேன்.

குழாயைத் திறந்து காட்டினேன். அலமாரிகளைத் திறந்து காட்டினேன். எல்லாவற்றுக்கும் "ரொம்ப நல்லா இருக்கு சார்" என்றார். விலையை மட்டும் கேட்கவே இல்லை. வாங்க முடிந்தவன் ஏன் விலை கேட்கப் போகிறான்?

பால்கனிக்கு வந்தோம். எதிர்க் கட்டடத்தின் வாசலில் அந்தக் கறுப்புக் கார். அங்கே இருக்கும் புரோக்கர் அந்த இருவரையும் வழியனுப்ப அதன் கதவைத் திறந்துவிட்டு வளைந்து நின்றுகொண்டிருந்தான்.

"பாவம், லோன் பார்ட்டிகிட்ட மாட்டிக்கிட்டான்" என்று சிரித்தேன். அவரும் சேர்ந்து சிரித்தார்.

"சார், நான் வந்தது..."

"சமையலறையை இன்னும் பார்க்கலையே சார்!"

சமையலறையில் என் போன் அடித்தது. முதலாளி.

"ஏம்ப்பா, கறுப்பு வண்டியில வந்தவங்களைச் சாவி இல்லைன்னு திருப்பி அனுப்பினியா?"

"அதெல்லாம் லோன் பார்ட்டிங்கண்ணே."

"லோனாவது மண்ணாவது! எதிர்ல வீட்டைப் பார்த்த கையோட முழுத் தொகைக்கும் செக் கிழிச்சுக் குடுத்துட்டாங்க. அந்தப் பய எனக்கே போன் பண்ணிச் சிரிக்கிறான். இன்னிக்கு அந்த வீடு முடியலைன்னா நாளைக்கு இந்தப் பக்கம் வராதே!"

இனி இவரை விட்டால் எனக்கு வேறு நாதி இல்லை.

"சார், முழுசா வேண்டாம். டோக்கன் அட்வான்ஸ்னு ஏதாவது குடுத்துடுங்க, போதும்" என்றேன். என் குரல் எனக்கே கெஞ்சலாகக் கேட்டது.

அவர் ஜிப் பையைத் திறந்தார். கலர் கலராகச் சில தாள்களை எடுத்துச் சமையல் மேடையில் பரப்பி, ஒரு பேனாவை என் கையில் வைத்தார்.

"நான் இன்சூரன்ஸ் ஏஜென்ட் சார். குடியிருக்கிறதே வாடகை வீட்லதான். கஸ்டமர் பேசறப்போ குறுக்க பேசக் கூடாதுன்னு எங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க. அதான் நீங்க முடிக்கட்டும்னு இருந்தேன்."

"யோவ்! ஊர்ல இத்தனை பேர் இருக்க, என்னை எதுக்குய்யா தேடி வந்தே?"

அவர் கோபப்படவில்லை. என் பக்கம் குனிந்து, ரகசியம் போலச் சொன்னார்.

"பின்சந்துல உங்க வண்டியைப் பார்த்தேனே சார்! நிஜமான பணக்காரங்கதான் அப்படி ஒரு வண்டி வச்சிருப்பாங்க."