கடல் தெரியாத அறை

“கடல் தெரியாத அறையாப் பாருடி” என்றாள் எவாந்தியா.

ரொதுல்லா பேனாவை மேசையில் எறிந்தாள். சைப்ரஸில் பிறந்தவள் பேசுகிற பேச்சா இது? இங்கிலாந்திலிருந்து பறந்து வருகிறவன்கூட முதலில் கேட்பது, ஜன்னல் கடல் பக்கமா என்றுதான்.

“முப்பது வருஷமா ஓட்டல்ல எவனெவனோ படுத்த படுக்கையை உதறிப் போட்டியே, ஒரு நாள் அதுல படுத்திருக்கியா? மூணே நாள்மா. கடலைப் பாத்துக்கிட்டு சும்மா உக்காரு. விரிப்பை வேற யாராவது மடிக்கட்டும். அதுக்குத்தான் நான் லீவு போட்டிருக்கேன்.”

“கடலை லார்னகாவுல தினம்தான் பாக்கறேன்.”

அந்தக் குடும்பத்தில் முதல் பட்டம் ரொதுல்லா வாங்கியது. வாங்கிய நாளிலிருந்து இந்த ஒரு விடுமுறைக்காக அம்மாவிடம் கெஞ்சிக்கொண்டிருக்கிறாள். போன வாரம்தான் எவாந்தியா திடீரென்று தலையாட்டினாள். அதுவும் எங்கே? எல்லைக்கோட்டைத் தாண்டி, போரில் துருக்கியர் பிடித்துக்கொண்ட வடகரைக்கு.

சோதனைச்சாவடி திறந்து நாலு வருடமாகிறது. ஊரே வரிசையில் நின்று போய், போரில் விட்டுவந்த வீடுகளைப் பார்த்து அழுதுவிட்டு வந்தது. எவாந்தியா மட்டும் அசையவில்லை. “என் ஊருக்குப் போக நான் எவன்கிட்டயும் பாஸ்போர்ட்டை நீட்ட மாட்டேன்” என்று உட்கார்ந்துவிட்டாள்.

அவள் பிடிவாதம் தெருவே அறிந்தது. ரொதுல்லா வயிற்றில் இருந்தபோது போருக்குப் போன கணவன் திரும்பவில்லை. செத்தான் என்று யாரும் சொல்லவுமில்லை. அவனோடு போனவர்களின் மனைவிமார் ஒவ்வொருவராக விதவைக் கறுப்புக்கு மாறினார்கள். எவாந்தியா முப்பத்துமூன்று வருடமாக மஞ்சளும் சிவப்புமாகவே உடுத்துகிறாள்.

“இவளுக்குப் பூப்போட்ட கவுன் ஒண்ணுதான் கேடு” என்று தேவாலய வாசலில் காதுபடவே சொல்வார்கள். அப்பா எங்கே என்று சின்ன வயதில் ரொதுல்லா கேட்டால் ஒரே பதில்தான். “வருவார்.”

“சரி, துறைமுகம் பக்கம் பாக்கட்டுமா?”

“கூட்டம்.”

“கார்பாஸ் முனை? கடலாமை வந்து முட்டை போடுற மணல்மா. ஈ காக்கா இருக்காது.”

“தூரம்.”

“மலைச்சரிவு? நல்லா காத்து வரும்.”

எவாந்தியா ஏப்ரன் பையிலிருந்து நாலாய் மடித்த ஒரு தாளை எடுத்து வைத்தாள். அதில் ஒரு தொலைபேசி எண். “இங்க கேளு.”

போனை எடுத்தவள் நெஜ்லா என்கிற துருக்கியப் பெண்மணி. பழைய கிராமத்துக் கிரேக்கத்தில் பேசினாள். “வீடு சுத்தமா இருக்கும் மகளே. ஆனா மறைக்கக் கூடாது பாரு, பின்னாடி எலுமிச்சந்தோப்புல பழைய கிணறு ஒண்ணைத் தோண்டறாங்க. காலையில ஆரம்பிச்சா சாயங்காலம் வரைக்கும் சத்தம். நீங்க பாதி வாடகை குடுத்தாப் போதும்.”

ரொதுல்லா போனைப் பொத்திக்கொண்டு அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னாள். எவாந்தியாவின் முகம் மாறியது. “ஜன்னல் தோப்புப் பக்கம்தானேன்னு கேளு.”

“பாதி வாடகைன்னதும் விழுந்துட்டியா? கிணறு தோண்டற சத்தம் கேக்க ஒருத்தி லீவு போடுவாளா? உனக்கெல்லாம் நல்லது செய்ய வந்தேன் பாரு, என்னைச் சொல்லணும்!”

எவாந்தியா எழுந்து பெட்டியை எடுக்கப் போனாள்.

சாவடியில் அம்மா தானே பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினாள். ரொதுல்லாவுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. “சபதமெல்லாம் எங்க போச்சு? பாதி வாடகையில கரைஞ்சிடுச்சா?”

எவாந்தியா காரின் கண்ணாடியை இறக்கி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வாசலிலேயே நெஜ்லா காத்திருந்தாள். எவாந்தியாவை அணைத்தவள் வெகுநேரம் விடவில்லை. “நீங்க சொன்னபடி நாற்காலியை ஜன்னலோரம் போட்டுட்டேன்” என்றாள். அம்மா எப்போது சொன்னாள் என்று ரொதுல்லா நினைத்தாள்; கேட்கப் பிடிக்காமல் உள்ளே போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்தாள்.

அந்தப் பகலும் மறுநாளும் எவாந்தியா அந்த நாற்காலியை விட்டு எழவில்லை. இயந்திரம் உறுமியது, வீட்டுக்குள் புழுதி வந்தது. கடற்கரைக்கு ரொதுல்லா தனியாகப் போய்த் தனியாகத் திரும்பினாள்.

மூன்றாம் நாள் காலை சத்தம் இல்லை. அந்த அமைதியில்தான் அவளுக்கு விழிப்பு வந்தது.

“அப்பாடா, முடிச்சுட்டாங்களா? இன்னிக்காவது கடலுக்கு வா” என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு ஜன்னலுக்கு வந்தாள்.

தோப்பில் இயந்திரம் ஓரமாக நின்றது. கையுறை போட்ட ஏழெட்டுப் பேர் கிணற்றைச் சுற்றி மண்டியிட்டிருந்தார்கள். ஒருத்தி சின்னத் தூரிகையால் எதையோ துடைத்தாள். இன்னொருவன் மண்ணைச் சல்லடையில் போட்டுச் சலித்தான். தண்ணீருக்குத் தோண்டுகிறவர்கள் மண்ணைச் சலிப்பதில்லை.

நெஜ்லா தோப்பு வேலியோரம் தலையில் துணி போட்டுக்கொண்டு நின்றாள்.

ரொதுல்லா திரும்பினாள். நாற்காலிக்குப் பின்னால் அம்மா நின்றிருந்தாள், கழுத்திலிருந்து கால் வரை கறுப்பில். புதுக் கவுன், விலைச் சீட்டு இன்னும் கைப்பக்கம் தொங்கியது.

“முகம் கழுவிட்டு வா, கண்ணு. அப்பா வர்றார்.”