ஒரு பலகை உயரம்

முழங்கால் இரண்டும் விண்விண்ணென்று தெறித்தன. மெக்கானிக் கராஜின் சிமெண்டுத் தரையில் மண்டியிட்டு, கதவோரம் இருந்த சென்சாரின் தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பின்னால் படியில் நின்ற வீட்டுக்காரி, சத்தம் காட்டாமல் அவருடைய வண்டி நம்பரைப் போனில் படம் பிடித்து வைத்துக்கொண்டாள்.

“கூப்பிடாமலே வந்திருக்கீங்க. காசும் வேணாம்கிறீங்க. அப்ப வேற என்னதான் வேணும் உங்களுக்கு?”

“ஒரு மணி நேரம் குடுங்கம்மா. அது போதும்.”

“கதவு நல்லாத்தானே ஓடுது?”

“ஓடுறது வேற, நிக்கிறது வேற.”

பேச்சு சுத்தமாகத்தான் இருக்கிறது, இப்படிப் பேசித்தான் கவிழ்ப்பார்கள் என்று நினைத்தாள். மூன்று வயது மகள் குட்டி சைக்கிளில் கதவுக்கும் காருக்கும் நடுவே வட்டமடித்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே வெளிச்சம் போதவில்லை. மெக்கானிக் பெயிண்ட் டப்பா அலமாரிக்குப் பின்னால் கையை விட்டு விளக்கைப் போட்டார். கதவை இறக்கும் பட்டனை அழுத்திவிட்டு, அடியில் விளக்குமாற்றை நீட்டினார். இறங்கிய கதவு நின்று, வந்த வழியே மேலே ஏறியது.

“பாத்தீங்களா? எல்லாம் சரியா இருக்கு. கிளம்புங்க.”

“இந்தச் சென்சார் கண்ணு மாதிரிம்மா. தரையிலேருந்து ஒரு சாண் உயரத்துல இருக்கு. அதுக்குக் கீழ கிடக்கிறது அதுக்குத் தெரியாது. அங்க கதவே முட்டிப் பார்த்துத் திரும்பணும்.”

பையிலிருந்து ஒரு பலகையை எடுத்தார். இரண்டு விரல் தடிமன், மேலெல்லாம் பழைய நசுங்கல். அதைக் கதவு வந்து உட்காரும் இடத்தில் படுக்கப் போட்டார்.

அவள் புருஷனுக்குப் போன் போட்டாள். அவன் குரல் கராஜ் முழுக்கக் கேட்டது.

“இந்தக் காலத்துல எவன் சும்மா வருவான்? மோட்டார் போச்சு, ஸ்பிரிங் போச்சுன்னு உன் தலையில மிளகா அரைக்கப் போறான். பாப்பா பொறந்தப்ப சர்வீஸ் பண்ணினோமே, நான்கூட கராஜைத் திறந்து விட்டுட்டு உன்னைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தேன். அந்தச் சீட்டு ஃபைல்ல இருக்கு. எடுத்து மூஞ்சிக்கு நேரா காட்டு.”

எடுத்து வந்து காட்டினாள். “பாருங்க. சென்சார், டிக். பலகைச் சோதனை, அதுக்கும் டிக். கீழ கையெழுத்து. இதுக்கு மேல என்ன?”

மெக்கானிக் சீட்டைக் கையில் வாங்கவில்லை. எட்ட நின்றே பார்த்தார்.

“பாப்பாவைத் தூக்கிக்குங்க” என்று சொல்லிப் பட்டனை அழுத்தினார்.

கதவு இறங்கியது. பலகையைத் தொட்டது. திரும்பவில்லை. மோட்டார் உறுமியது, பலகை முனகியது, நடுவில் பட்டென்று பிளந்தது. அப்புறம்தான் அவர் கதவை நிறுத்தினார்.

“அம்மா, கதவு கடிச்சிருச்சு!” என்றாள் குழந்தை.

தாய் குழந்தையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நேற்றுச் சாயங்காலம் இதே இடத்தில்தான் குழந்தை குப்புறப் படுத்து எறும்பு பார்த்துக்கொண்டிருந்தது.

மெக்கானிக் ஏணியில் ஏறி மோட்டாரின் மூடியைக் கழற்றினார். “கதவு ஒட்டுதுன்னு அழுத்தத்தை முழுசா ஏத்தி விட்டிருக்கு. உருளையெல்லாம் கழட்டிக் கழுவி எண்ணெய் விடணும்னா ஒரு மணி நேரம். அழுத்தத்தை ஏத்துறதுன்னா இந்தத் திருகுல ஒரே ஒரு திருப்பு.”

“அந்த ஒரு மணி நேரத்துக்குச் சோம்பல்பட்டு, பலகையே வைக்காம டிக் போட்டிருக்கானா? படுபாவி! அவன் வீட்ல புள்ளகுட்டி இல்லையா?”

அவர் எண்ணெய் டப்பாவைக் குலுக்கிக்கொண்டிருந்தார்.

உருளை ஒவ்வொன்றாகக் கழுவினார். திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார். பிளந்த பலகையில் பெரிய துண்டை மறுபடி கீழே போட்டார். கதவு தொட்டது, உடனே திரும்பியது. அவர் மூன்று முறை பார்த்தார். நாலாவது முறை அவளையே பட்டனை அழுத்தச் சொன்னார்.

அவள் தண்ணீர் கொண்டு வந்தாள். கூடவே மடித்த நோட்டுகள். தண்ணீரை மட்டும் வாங்கிக் குடித்தார்.

“உங்களைப் போய்த் திருடன் கணக்கா நினைச்சுட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க. ஆனா இப்படி வீடு வீடா எதுக்கு அலையறீங்க?”

“போன மாசம் ஒரு வீட்ல, பலகைக்குப் பதிலா ஒரு பெரியவர் கால் கிடந்துச்சும்மா. வழுக்கி விழுந்தவரு. எந்திரிக்கிறதுக்குள்ள கதவு வந்திருச்சு.”

“அங்கயும் எவனோ இப்படித்தான் டிக் போட்டிருப்பான்.” அவள் சீட்டை உயர்த்திப் பிடித்தாள். “நீங்க இதே தொழில்ல இருக்கீங்க, உங்களுக்குத் தெரியாமயா இருக்கும்? இந்தக் கையெழுத்து யாரோடதுன்னு மட்டும் சொல்லுங்க. நான் சும்மா விடமாட்டேன்.”

மெக்கானிக் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்துப் பிரித்து, முகவரி ஒன்றின் மேல் பென்சிலால் கோடு போட்டார். பிறகு அவள் முகத்தை நேராகப் பார்த்தார்.

“என்னோடதுதாம்மா. இன்னும் பதினாலு வீடு பாக்கி.”