உள்ளூர் ஆளுக்கு மட்டும்

"முதல்ல அந்த போர்டைக் கழட்டு, மாதேஸ்வரி!"

தீர்த்தகிரி போட்ட சத்தத்தில், ட்ரேயில் உப்பிக்கொண்டிருந்த பன்னெல்லாம் அமுங்கிவிடும் போலிருந்தது.

'சொக்கனப்பள்ளி பெண்கள் பேக்கரி. உள்ளூர் ஆட்களுக்கு மட்டும் வேலை' என்றது போர்டு.

ஓசூர் கம்பெனிகளில் வேலை போன ஆறு பெண்கள் சேர்ந்து ஆரம்பித்தது. கோயிலுக்குச் சொந்தமான பழைய கிடங்கை வாடகை இல்லாமல் கொடுத்தது கோயில் கமிட்டி. கமிட்டித் தலைவர் தீர்த்தகிரி. போர்டில் அந்த 'மட்டும்' அவர் போட்ட நிபந்தனை.

"எழுதியிருக்கிறது என்ன, ஓவன்கிட்ட நிக்கிறது யாரு?"

நின்றது மாஸ்டர் மாடசாமி. சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். வாயைத் திறந்தாலே தெரிந்துவிடும்.

"அவர் இல்லாம நாங்க போட்ட முதல் பன்னை நீங்கதான்ணா வாங்கிட்டுப் போனீங்க. ஆடின பல்லு நின்னுடுச்சா?" என்றாள் மாதேஸ்வரி.

"பேச்சை மாத்தாதே. நம்ம ஊர்ல ஆளே இல்லையா? என் பொண்ணு சுவாதி வேலை போய் ஆறு மாசமா வீட்டுலதான் இருக்கா. யூடியூப் பார்த்து கேக்கெல்லாம் செய்யறா."

"தெரியும்ணா. அதை வெட்ட அரிவாள் கேட்டு அண்ணி எங்க வீட்டுக்குத்தான் வந்தாங்க."

மாவு பிசைந்துகொண்டிருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். தீர்த்தகிரி சிரிக்கவில்லை.

"இந்த ஆளை அனுப்பிட்டு சுவாதியைச் சேரு. இல்லேன்னா சாயங்காலத்துக்குள்ள கிடங்குச் சாவி என் கைக்கு வரணும்."

சிரிப்பு நின்றது. சாவி போனால் ஏழு வீட்டு அடுப்பும் சேர்ந்து அணையும்.

மாடசாமி இடுப்பில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார்.

"நான் கெளம்புதேன்க்கா. என் ஒருத்தனால ஆறு பேருக்கு எதுக்கு இடைஞ்சல்? ஓவன்ல தில்பசந்த் இருக்கு. பத்து நிமிசத்துல எடுத்துருங்க."

"இருங்க மாஸ்டர். ஏண்ணா, உள்ளூரா வெளியூரான்னு எதை வச்சுச் சொல்றீங்க? பேச்சை வச்சுன்னா, நம்ம ஊர்லயே பாதி வீட்டுல தெலுங்கு, மீதி வீட்டுல கன்னடம்."

"ஆதாரை வச்சு! அதுல சொக்கனப்பள்ளின்னு இருந்தா உள்ளூர். இல்லேன்னா வெளியூர். இது கமிட்டி முடிவு. யாருக்காகவும் மாத்த மாட்டேன்."

மாடசாமி பர்ஸிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினார்.

தீர்த்தகிரி வாங்கிப் பார்த்தார். கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தும் பார்த்தார். எப்படிப் பார்த்தாலும் சொக்கனப்பள்ளிதான்.

"பிஸ்கட் கம்பெனி வேலைக்கு வந்து பதினாலு வருசம் ஆச்சு அண்ணாச்சி. ஓட்டு கூட இங்கதான்."

தீர்த்தகிரி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சரி, இருந்துட்டுப் போகட்டும். சுவாதியை எட்டாவது ஆளா சேர்த்துக்க."

"தாராளமா. ஆதாரைக் காட்டச் சொல்லுங்க."

அப்பாவோடு வந்து வாசலிலேயே நின்றிருந்த சுவாதி தலையைக் குனிந்துகொண்டாள்.

"வேண்டாம்ப்பா. வா, வீட்டுக்குப் போலாம்."

"அட, எடும்மா! நமக்கென்ன பயம்?"

அவள் தயங்கித் தயங்கி எடுத்தாள். அட்டையில் கன்னட எழுத்து. விலாசம், எல்லை தாண்டி அத்திப்பள்ளி.

"நீதானேப்பா மாத்தின? அங்கே கம்பெனியில உள்ளூர் ஆளுங்களுக்கு மட்டும்தான் வேலைன்னாங்கன்னு, அத்தை வீட்டு விலாசம் கொடுத்து..."

தீர்த்தகிரியின் முகம், ஓவனிலிருந்து எடுக்க மறந்த ரஸ்க் மாதிரி ஆகிவிட்டது.

"கமிட்டி முடிவுண்ணா. யாருக்காகவும் மாத்தக் கூடாது" என்றாள் மாதேஸ்வரி.

சுவாதி படி இறங்கினாள்.

மாடசாமி அவிழ்த்த துண்டை மறுபடியும் இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"அட, விடுங்கக்கா. வெளியூர்ப் பிள்ளையா இருந்தா என்ன? பொழைக்கத்தானே வந்திருக்கு. சேத்துக்கிடுவோம்."