மூன்றாவது கதை

ஒரே ஹோட்டலில் நடக்கும் நான்கு நகைச்சுவைக் கதைகளைச் சேர்த்து எடுத்த படம் அது. மூன்றாவது கதையை எழுதி இயக்கியவர் தணிகாசலம். அது தொடங்கியதும் தியேட்டரில் பாதிப் பேர் டீ குடிக்க எழுந்து போனார்கள். பிறகு அவருக்குப் படமே அமையவில்லை.

முப்பது வருடம் கழித்து, ஒரு கல்யாணத்துக்கு வந்தவர் அதே ஹோட்டலில் தங்கினார். படப்பிடிப்பில் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்ட மாடிப்படி அப்படியே இருந்தது. கொஞ்ச நேரம் அதில் உட்கார்ந்திருந்தார்.

மதியம் பக்கத்து அறை டிவியில் அவர் எழுதிய வசனம் கேட்டது. கூடவே யாரோ விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம். போய்க் கதவைத் தட்டினார். வயதான அம்மாள் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டே திறந்தாள்.

“சத்தம் அதிகமா இருக்குதுங்களா? குறைச்சிடறேன்.”

“குறைக்காதீங்கம்மா,” என்றார் தணிகாசலம். “இப்ப எந்த எடத்துல சிரிச்சீங்கன்னு மட்டும் சொல்றீங்களா?”