மண்புழுவுக்கு வந்த கரண்ட் பில்லு

நான் சொல்றதுல ஒரு வார்த்தை பொய்யின்னாலும் என் நாக்கு இங்கயே அழுவிப் போவட்டும்.

கண்ணே இல்லாத மண்புழு நெளியப்பனுக்கு, மின்மினிப்பூச்சி கம்பெனிலேர்ந்து கரண்ட் பில்லு வந்துருச்சு! நாலு பல்பு எரிஞ்சுதாம்.

பில்லு போனாப் போவுது, அதக் கட்டச் சொல்லி வந்த போனுதான் உசுர வாங்குச்சு. பொந்துக்குள்ள சிக்னல் இல்ல. மணி அடிக்கிறப்பல்லாம் மேல வந்து தலைய நீட்டணும். அங்க ஒரு மைனா வாயப் பொளந்துக்கிட்டு நிக்கிது! மூணு தடவ மயிரிழைல தப்பிச்சான்.

நாலாவது போன்ல கம்பெனி சில்வண்டு கத்துச்சு. "சார், பில்லு இன்னும் கட்டலையே?"

"யோவ், எனக்குக் கண்ணே கெடையாதுய்யா!"

"அது உங்க வீட்டு விசயம் சார். கட்டலன்னா ஆளு வந்து ஃபியூஸப் புடுங்கிருவாரு!"

நெளியப்பனுக்கு ஒடம்பு பூரா குஷி துள்ளுச்சு. "அனுப்புங்க சார்! நல்லாக் கொழுத்த ஆளா, இப்பவே அனுப்புங்க!"

வெட்டுக்கிளி லைன்மேன் ஏணியத் தூக்கிக்கிட்டு வந்தாரு. பொந்து வாசல்ல குனிஞ்சாரு. லபக்! ஏணி மட்டுந்தான் மிச்சம்.

மைனாவுக்கு வயிறு ரொம்பிருச்சு. அடுத்த போனுக்கு நெளியப்பன் தைரியமா வெளிய வந்தான்.

"சார், எங்க ஆளோட சேவை எப்படி? அஞ்சுக்கு எத்தன ஸ்டார் குடுப்பீங்க?"

நெளியப்பன் திரும்பி, "மைனாக்கா, எத்தன போடட்டும்?"ன்னான்.

மைனா ஏப்பம் விட்டுச்சு. "அஞ்சும் போடுறா தம்பி. நாளைக்கும் ஒரு ஆள அனுப்பச் சொல்லு!"

என்ன, சிரிச்சாச்சா? கத சொன்ன கூலிக்கு ஆளுக்கு ஒரு வடைய எடுத்து இப்பிடி வைங்க. இல்லன்னா உங்க நம்பர அந்தச் சில்வண்டுகிட்ட குடுத்துருவேன்.