நிர்மலா ஏன் திரும்பிப் போனாள்?

பாண்டியம்மாளை அந்த வாரப் பத்திரிகை ஊரறிய அவமானப்படுத்திவிட்டது. அவள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. அதற்கு வந்த பதிலைப் படித்துவிட்டு, பல்கலைக்கழகப் பெண்கள் விடுதியே சாப்பாட்டுத் தட்டைத் தட்டிச் சிரித்தது.

எல்லாம் ஒரு தொடர்கதையால் வந்த வினை. செத்து நூறு வருஷமான ஜமீன்தார் இந்திரஜித், இருட்டியதும் எழுந்து வந்து ரத்தம் குடிப்பான். அதுவும் யாரிடம்? அவனைக் காதலித்துக் கட்டிக்கொண்ட நிர்மலாவிடம். இரண்டு பாகம் முடிந்து மூன்றாம் பாகம் ஓடிக்கொண்டிருந்தது. பொறுக்க முடியாமல் தாய்வீட்டுக்கு ஓடிவந்த நிர்மலா, போன மாதம் தானாகவே பெட்டியைத் தூக்கிக்கொண்டு பங்களாவுக்குத் திரும்பிவிட்டாள்.

வாசகர்கள் கேள்விகளாக எழுதிக் குவித்தார்கள். கதாசிரியரும் ஒரு பக்கம் பிடித்துப் பதில் சொன்னார்.

'இந்திரஜித் பகலில் எங்கே தூங்குகிறார்?'

'பங்களாவின் நிலவறையில். அங்கே கொசுத்தொல்லை இல்லை.'

'வேப்பிலைக்குப் பயப்படாத ரத்தக் காட்டேரி உண்டா?'

'இவர் லண்டனில் படித்தவர்.'

'அவர்களுக்குக் குழந்தை பிறக்குமா?'

'பொறுங்கள். நான்காம் பாகமும் இருக்கிறது.'

கடைசியாகப் பாண்டியம்மாளின் கேள்வி. 'நிர்மலா ஏன் திரும்பிப் போனாள்? அவளுக்கு மானம் ரோஷம் கிடையாதா?'

பதில்: 'சகோதரிக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை போலிருக்கிறது.'

"சரியாத்தானே கண்டுபிடிச்சிருக்காரு," என்றாள் அறைத்தோழி கனகலட்சுமி. செல்லூர்க்காரி. இந்திரஜித் மேல் அவளுக்கு ஒரு கண். "அம்புட்டு ஆசையா ஒருத்தன் தேடி வாரான். ரெண்டு சொட்டு ரத்தம் குடுத்தா என்ன கொறஞ்சா போகும்?"

"கொசுவும்தான் தேடி வருது. அதைக் கட்டிக்கிட வேண்டியதுதானே?"

கனகலட்சுமி போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். பாண்டியம்மாளோடு வாதாடி ஜெயித்தவர்கள் அந்த விடுதியில் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா முத்துத்தாய் பார்க்க வந்தாள். திருமங்கலத்துக்கு மேற்கே ஒரு கிராமத்தில் நல்லகாமனுக்கு வாக்கப்பட்டவள். கையில் தூக்குவாளி நிறைய பணியாரம். அந்த வெயிலிலும் முந்தானையை இழுத்துத் தோளை மூடியிருந்தாள்.

மரத்தடியில் உட்கார்ந்ததும் பாண்டியம்மாள் அந்த முந்தானையை விலக்கினாள். முழங்கைக்கு மேலே விரல் தடிமனில் கன்றிப்போன கோடு.

"இது பழசுடி," என்றாள் அக்கா. "இந்த வாரம் ஒண்ணுமில்ல."

பிறகு அவளே பேச்சை மாற்றினாள். "உன் கேள்வியப் பாத்தேன். எங்க ஊரு டீக்கடைக்கு அந்தப் புஸ்தகம் வருது. உன் பேரு அச்சுல வந்திருந்தத நாலு பேருக்குக் காட்டுனேன்."

"பதிலையும் காட்டுனியா?"

"அது எங்க பதிலு? நக்கலு."

"உனக்குப் பதில் தெரியுமாக்கும்."

அக்கா ஒரு பணியாரத்தை எடுத்து நீட்டினாள். பாண்டியம்மாள் வாங்கவில்லை. ஆறு மாதமாக நெஞ்சில் கிடந்தது இப்போது நாக்குக்கு வந்துவிட்டது.

சித்திரையில் அக்கா புருஷனை விட்டு ஓடிவந்துவிட்டாள் என்று சேதி கேட்டபோது, விடுதி முழுக்க மிட்டாய் கொடுத்தவள் பாண்டியம்மாள். பரீட்சை முடிந்து ஊருக்குப் போனால் அக்காவைக் காணோம். 'அவளே போயிட்டா' என்று மட்டும் ஆத்தா சொன்னாள்.

"நிர்மலாவும் ஒண்ணு, நீயும் ஒண்ணு," என்றாள் பாண்டியம்மாள். "அவளையாச்சும் எழுதுறவன் இழுத்துட்டுப் போறான். உன்னை எவன் இழுத்தான்? நீயாத்தானே பஸ் ஏறிப் போனே? நான் இங்க மேடை மேடையா பொம்பள உரிமையப் பத்திப் பேசுறேன். எங்கக்காளப் பத்தி எவளாச்சும் கேட்டா, மூஞ்சிய எங்க கொண்டுபோயி வைக்க?"

அக்காவுக்குக் கோபம் வரவில்லை. அதுதான் பாண்டியம்மாளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"போகாதக்கா. இப்பவே கெளம்பு, நம்ம வீட்டுக்குப் போவோம். அய்யாகிட்ட நான் பேசுறேன். எங்கிட்ட பேசி ஜெயிச்சிருவாரா?"

"மாட்டாரு," என்றாள் அக்கா. "அதுக்குத்தான் நீ இல்லாதப்ப பேசுறாக."

தூரத்தில் பாண்டியன் போக்குவரத்துக் கழக பஸ் வரும் சத்தம் கேட்டது. அக்கா எழுந்து சேலையை உதறினாள். "வாளிய அடுத்த தடவ வாங்கிக்கிறேன். வாரேன்."

பாண்டியம்மாள் குறுக்கே போய் நின்றாள். "பதிலச் சொல்லிட்டுப் போ. ஏன் திரும்பிப் போனே?"

அக்கா தூக்குவாளியை அவள் கையில் கொடுத்தாள்.

"நிர்மலாவுக்குத் தங்கச்சி உண்டா?"

"கதையில அப்பிடி யாருமில்ல. அதுக்கும் இதுக்கும் என்ன?"

"அப்ப அவ எதுக்குப் போனாளோ, எனக்குத் தெரியாது," என்றாள் முத்துத்தாய். "நான் வந்த அன்னைக்குச் சாயங்காலமே உங்க மச்சான் வீட்டு ஆளுக வந்துட்டாக. மூத்தவ வாழமாட்டேன்னா சின்னவளக் குடுங்கன்னாக. ஊரு வழக்கந்தானேன்னு அய்யா வெத்தலபாக்குத் தட்டு எடுக்க உள்ள போனாரு. அவரு வெளிய வர்றதுக்குள்ள நான் பையத் தூக்கிட்டேன்."